மைக்கில் அவளைக் கூப்பிட்ட நாள்

எங்கள் குப்பத்துக்கு முதன்முதலில் பாட்டுக் கச்சேரி கொண்டுவந்தவன் நான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்னால் ஆடித் திருவிழா என்றால் கூழ், பம்பை, உடுக்கை, அத்தோடு சரி. பாட்டுக் கேட்க வேண்டுமானால் ஏரியில் படகு விட்டுப் பழவேற்காட்டுக்குப் போய், அடுத்தவன் போட்ட மேடைக்கு முன்னால் ஓரமாக நின்றுவிட்டு வரவேண்டும். நான்தான் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "மத்த ஊர்ல போய் நின்னு கேக்கறது இன்னா மானம்? செலவு என்னுது, மேட நம்முது"ன்னு சொன்னேன். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறியதில்லை. முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு. மூன்றாவது பாட்டு முடிந்ததும் மைக்கில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போடுவார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அடுத்தவன் படகில் வலை இழுத்து, அடுத்தவன் கொடுத்த பழைய வலையைத் தைத்து, மெல்ல மெல்ல மேலே வந்தேன். இன்று மூன்று ஃபைபர் படகு, மீன் ஏற்றும் வண்டி, மாடி வீடு, கார். எவனும் கை கொடுத்துத் தூக்கவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும், தண்ணீர் எப்போது கலங்கும், முகத்துவாரம் எந்த மாதம் மூடும் எல்லாம் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வலை ஏற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவனுக்கு ஒன்று தெரியாமல் போனது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, எட்டு வருஷம். என் வீட்டுக்காரிக்குக் காது கேட்கவில்லை.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். ஒரு காலை நேரம் எங்கள் கரையில் வந்து நில்லுங்கள். ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் என்ஜின், நடுவில் மீன் ஏலம். அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துவதுதான். கத்தினாலும் காதில் விழாது என்பதால் கையைத் தூக்கி விரலைக் காட்டுவோம். விலை, கூடை, வேண்டும், வேண்டாம், எல்லாம் விரல்தான். என் படகு மீனுக்கு ஏலம் விடுகிறவள் அவள். யார் விரல் எப்போது உயரும் என்று கழுகு மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தாலும் கரைப் பழக்கம் போகாது. நான் சோற்றுக்கு உப்பு கேட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும். மெதுவாகப் பேசுகிற பட்டணத்து வீடாக இருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருத்திக்குக் காது குறைந்தால் யாருக்குத் தெரியும்? அதோடு நான் வாயைத் திறந்தால் எதிரில் இருக்கிறவர் பதில் சொல்ல இடம் இருக்காது. தலையாட்டினால் போதும். அவள் தலையாட்டினாள்.

கல்யாணமான புதிதில் எங்களிடம் இருந்தது பாட்டு மட்டும்தான். ரேடியோ கூடக் கிடையாது. பழவேற்காட்டில் கச்சேரி என்று தெரிந்தால் அன்று மத்தியானமே எறா பிரிக்கிற வேலையை முடித்துவிட்டுப் படகில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், மறுநாள் காலையில் வரி தப்பாமல் பாடுவாள். எனக்கு ராகம் நிற்கும், வார்த்தை நிற்காது. வராத இடத்தில் நானே எதையாவது போட்டு நிரப்பிக்கொள்வேன். கடலில் தொண்டை கிழியப் பாட அது போதும். வீட்டில் பாடினால்தான் ஆபத்து.

"அய்ய! எழுதனவன் கேட்டா அழுவான்யா. நீ தாளம் மட்டும் போடு. பாட்ட நான் பாத்துக்கறேன்" என்பாள்.

எங்கள் மகளைத் தூங்க வைத்தது, சோறு ஊட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் சினிமாப் பாட்டில்தான். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் யாராவது ஒருத்தர் ஒரு வரியை எடுப்போம், அடுத்தவர் பிடிப்பார். என் முறை வந்தால் இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அது போல ஒரு சந்தோஷத்தை அப்புறம் எந்தப் படகும் எனக்குக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

கையில் காசு சேர்ந்ததும் முதலில் டேப்ரிக்கார்டர் வாங்கினேன். பிறகு அதைவிடப் பெரியது. மகள் கல்யாணம் முடிந்து பேத்தியும் பிறந்த பிறகு, "இன்னும் கொஞ்சம் சத்தமா வையேன்"ன்னு என் வீட்டுக்காரி அடிக்கடி கேட்க ஆரம்பித்தாள். கேட்கக் கேட்க எனக்குப் பெருமை. ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கிக் கூடத்தில் நிறுத்தினேன். "என் வூட்ல பாட்டு வச்சா கட்டுமரத்துல போறவன் தாளம் போடுவான்"னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் பாக்ஸுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பூ கட்டுவாள். என் செல்வாக்கை அனுபவிக்கிறாள் என்று நினைத்தேன்.

பேத்திக்கு இரண்டு வயது ஆன வருஷத்துத் திருவிழாவைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் பொன்னேரிக்குப் போய் வீட்டுக்காரிக்கு ஒரு பச்சைப் பட்டுப் புடவை எடுத்துவந்தேன். கச்சேரிக்குக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். மீன் வாடை ஏறிவிடும் என்று பெட்டியில் வைத்துவிட்டுப் பழைய நூல் புடவையோடு வந்தாள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. சால்வை வாங்கியதும் மைக்கைக் கையில் பிடித்தேன். அந்தச் சமயத்தில் எங்கே பார்த்தாலும் ஒரு புதுப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. புருஷன் பெண்டாட்டிக்குப் பாடுகிற பாட்டு. "அடுத்து வர்ற பாட்டு என் வூட்டுக்காரிக்கு. அவ இல்லன்னா இந்த மேட இல்ல. வாமே, மேல வா" என்று சொன்னேன். முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை. மனதிலிருந்து வந்தது.

அவள் கரைக்கு ஏற்றி வைத்த படகின் ஓரத்தில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டேன். பக்கத்திலிருந்தவள் விலாவில் இடித்துச் சிரித்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டேன். அவளும் சிரித்தாள், மேடையைப் பார்த்து, 'போ' என்பது போலக் கையை ஆட்டினாள். மொத்தக் குப்பமும் சிரித்தது. "தலைவரே, வூட்ல செல்லாத நோட்டு போலக்குதே"ன்னு ஒருத்தன் கத்தினான். பாட்டு ஆரம்பித்துவிட்டது. நான் நடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். என்ன பாடினார்கள் என்று தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் அவளிடம் பேசவில்லை. என்னைப் பொறுத்தவரை ஒரு மாதம் வாயை மூடுவது சாதாரண காரியமா? மூடினேன். சாப்பாட்டை முன்னால் வைப்பாள், தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவேன். பத்து நாள் போனதும் அவள் அந்தப் பச்சைப் பட்டை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை கட்டினாள். கோயிலுக்குக் கட்டினாள். ஒரு நாள் ஏலத்துக்கே பட்டோடு வந்து நின்றாள். உப்புத் தண்ணீரில் புடவைக் கரை நனைந்து, செதில் ஒட்டிப் போனது. ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என்னை அவமானப்படுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மாதம் முடிந்ததும், போனால் போகிறது என்று பெரிய மனது பண்ணிப் பேச ஆரம்பித்தேன். பெரிய மனது என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன வருஷம் கோடை விடுமுறைக்கு மகளையும் பேத்தியையும் ஆரம்பாக்கத்திலிருந்து காரில் அழைத்து வந்தோம். மருமகன் வீட்டார் நெல் வயல்காரர்கள், அறுவடை முடித்துவிட்டுப் பின்னால் வருவதாக அவர் சொன்னார். நான் வண்டி ஓட்டினேன். அவள் என் பக்கத்தில். மகளும் பேத்தியும் பின்னால். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால் கார் உள்ளே சத்தமே இல்லை. எங்கள் வாழ்க்கையில் நாங்கள் அவ்வளவு அமைதியான இடத்தில் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது. பேத்தி பாட்டுக்குப் பாட்டு ஆடலாம் என்றாள். என் வீட்டுக்காரி திரும்பி உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெளுத்து வாங்கினாள். பத்துப் பாட்டுக்கு மேல் போனதும் குழந்தைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆயா, பழசே பாடற. புதுசு பாடு. போன வருஷம் வந்தது."

அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

"சரி, நான் ஒண்ணாவது படிக்கறப்போ வந்தது?"

தெரியாது என்று கையை விரித்தாள்.

"நான் பாப்பாவா கீறப்போ?"

அதற்கும் கையை விரித்தாள்.

"அம்மா கல்யாணத்துல போட்ட பாட்டு?"

அதை எடுத்தாள் பாருங்கள். பல்லவி, இரண்டு சரணம், நடுவில் வருகிற ஹம்மிங் வரை ஒரு எழுத்துப் பிசகாமல் பாடி முடித்து, வெற்றி பெற்றவள் போல முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"நான் பொறந்ததும் நீ பாட்டு கேக்கறதயே உட்டுட்டியா ஆயா?" என்றாள் குழந்தை. அவள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்று மகள் பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டாள். பிறகு இன்னும் ஒரு தடவை. கண்ணாடியில் மகள் முகம் மாறுவதைப் பார்த்தேன். "நைனா, நீ கூப்புடு. கத்தாத. மெதுவா கூப்புடு."

நான் சாலையைப் பார்த்தபடியே, "மே" என்றேன். அவள் வயலைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

அடுத்த வாரம் சென்னையில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். ஏலத்தில் எத்தனையோ விரலைப் பார்த்தவள். எத்தனையோ தடவை தன் விரலைத் தூக்கியவள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் அவள் கை மடியிலேயே கிடந்தது.

"எத்தன வருஷமா?" என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "பேத்தி பொறந்தப்போ எனக்கு ஒரு ஜொரம் வந்துச்சு. அதுலருந்து காதுக்குள்ள எந்நேரமும் எஞ்சின் ஓடற மாதிரி. இவர்கிட்ட சொன்னேன்."

சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. படகில் டீசல் ஏற்றிக்கொண்டிருந்தேன். நல்ல எறா சீசன். இடுப்புத் தண்ணீரில் நின்று சொன்னாள். "காத்து பூந்துருக்கும். எண்ண காய்ச்சி உடு. சீசன் முடிஞ்சி பாக்கலாம்"னு சொல்லிவிட்டு என்ஜினைக் கிளப்பினேன். சீசன் முடிந்தது. எட்டு சீசன் முடிந்தது.

அப்போதே வந்திருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம், இப்போது நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். "வீட்ல ரொம்ப சத்தமா பாட்டு வைப்பீங்களா?" என்று அடுத்துக் கேட்டார். மிச்சம் மீதி இருந்ததை அந்தச் சத்தம் தின்றிருக்கும் என்று சொன்னார். ஊர்ப் பெருமைக்காக நான் ஆள் உயரத்தில் நிறுத்திய பாக்ஸ்.

திரும்பி வருகிற வழியில் காரை ஓரமாக நிறுத்தினேன். அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி, "ஏன் திருப்பிச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா? செவிடின்னு பேரு வைப்பாங்க. ஏலத்துல எவன் நம்மள மதிப்பான்? நீதான் பேசிக்கினே கீற, உன் வாயப் பாத்தா எனக்குப் போதும்." பிறகு அவளாகவே சிரித்தாள். பாரம் இறங்கியவள் மாதிரி பேசிக்கொண்டே போனாள். "ஒரு தபாதான் பயந்துட்டேன். அந்தப் பட்டுப் பொடவ கட்டலன்னு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருந்தியே. உன் சத்தமே கேக்கல. எனக்குச் சுத்தமா போயிட்ச்சின்னு நெனச்சி, யாரும் இல்லாதப்போ நானே சத்தம் போட்டுப் பாத்துக்கினேன். அப்பாலதான் பொடவ விசயம்னு புரிஞ்சி, எடுத்துக் கட்டனேன்."

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். புடவைக்காக இல்லை, மைக்கில் கூப்பிட்டு நீ வரவில்லை என்றுதான் என்று. நான் கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவள் இடித்தபோது, புருஷன் மேடையில் அலட்டிக்கொள்வதைப் பார்த்துக் கேலி பண்ணுகிறாள் என்று நினைத்துக் கை ஆட்டியிருப்பாள். ஊரில் யாரும் பிறகு அவளிடம் பேச்சை எடுக்கவில்லை, எனக்குப் பயந்து. செய்யாத குற்றத்துக்கு அவள் கட்டிப் பாழாக்கிய புடவையை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வண்டியைக் கிளப்பினேன்.

காதுக்கு மிஷின் வாங்கினோம், இருப்பதிலேயே உசத்தியானது. பேச்சு கொஞ்சம் பிடிபடுகிறது. பாட்டு வைத்தால் முகத்தைச் சுளித்துக் கழற்றிவிடுகிறாள். "தகரத்துல ஆணியால கீறற மாதிரி கீது" என்கிறாள். பாக்ஸ் இரண்டையும் துணி போட்டு மூடி மாடிக்கு ஏற்றிவிட்டேன்.

ஒரு வழிதான் இருந்தது. அவள் தவறவிட்ட எட்டு வருஷத்துப் பாட்டுகளை நான் மனப்பாடம் செய்வது, எதிரில் உட்கார்ந்து வாயசைத்துச் சொல்வது. பேத்தி போனில் அனுப்பினாள். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள் நிற்காத மண்டையில், இந்த வயதில், வரி வரியாக ஏற்றினேன். கரையில் வலை பார்க்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "தலைவரே, இன்னா மந்திரம் சொல்லிக்கினு கீறீங்க? மீனு வர்றதுக்கா?" என்று பையன்கள் கேட்பார்கள்.

காலை நாஸ்தா முடிந்ததும் அவள் எதிரில் உட்காருவேன். தாளம் எப்படி என்று காட்ட அவள் முழங்கையில் தட்டுவேன்.

"வாய இவ்ளோ பெருசா தொறக்காதய்யா. கரைல போட்ட மடவ மீனு மாதிரி கீது" என்பாள். ஆனால் நகரமாட்டாள்.

இந்த வருஷத்து ஆடித் திருவிழா வந்தது. கச்சேரியை நிறுத்தலாமா என்று அவளையே கேட்டேன். "ஊரு இன்னா பாவம் பண்ணிச்சி?" என்றாள். பொழுது சாய்ந்ததும் மேடை ஆரம்பித்தது. பாக்ஸ்களுக்கு எட்டத்தில், பழைய படகோரத்தில் அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தாள். விளக்கு வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி, அவளுக்கு நேர் எதிரே, மேடைக்கு முதுகு காட்டி நான் மணலில் உட்கார்ந்தேன். நடு நாற்காலி காலியாகக் கிடந்தது.

சாமி பாட்டு முடிந்தது. இரண்டாவதாக அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தார்கள். அன்று நான் அவளுக்காகக் கேட்ட அதே பாட்டு. இதை நான் அவளுக்குக் காலையில் ஒரு நாளும் சொல்லவில்லை, வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன். வரி எல்லாம் தெரியும். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நல்லா கீதேய்யா இது. எப்ப வந்தது?"

எதையாவது சொல்லியிருக்கலாம். போன மாதம் வந்தது என்றாலும் நம்பியிருப்பாள்.

"நம்ம பேத்திக்கு ரெண்டு வயசு அப்போ. இந்தப் பாட்டுக்குத்தான் உன்ன மேடைக்குக் கூப்ட்டேன். மைக்குல. மூணு தபா. நீ கைய ஆட்டன. வரமாட்டேன்னு சொல்றன்னு நெனச்சேன். அதுக்குத்தான் ஒரு மாசம் பேசல."

"பொடவைக்கு இல்லியா?"

"இல்ல."

அவள் தன் மடியைப் பார்த்தாள். பிறகு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது பாட்டு ஆரம்பித்தது. நான் அதன் வரிகளையும் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் கன்னத்தைப் பார்த்து. பாட்டு முடியும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் மைக்கில் என்னைக் கூப்பிட்டார்கள். சால்வை. நான் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். கூட்டம் முழுக்கத் திரும்பி எங்களைப் பார்த்தது. "பெருசுக்குத் திமிர பாருய்யா" என்று எவனோ சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கூப்புடறாங்க போல. போ."

"போவல."

"கூப்புட்டா போவணும்யா."

"போவல மே."

காதிலிருந்த மிஷினைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். மணலில் எனக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு இன்னா நடந்துச்சு, மொதல்லருந்து சொல்லு. இன்னா சொல்லிக் கூப்ட்ட, யார் யார் சிரிச்சாங்க, எல்லாம். வேகமா சொல்லாத."

சொன்னேன். எனக்குப் பின்னால் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. அது என்ன பாட்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.